முகம்மது சலீமின் ஈரத்துணித் திட்டம்

முகம்மது சலீம் இருபத்திரண்டு வருடம் சவுதியின் தம்மாமில் துணி காயவைத்தார். கொடியில் போட்டால் கால் மணி நேரத்தில் துணி அப்பளமாகிவிடும் ஊர் அது. அங்கே ஆள் உயர மெஷின்களுக்குள் துணியைத் திணித்து, கரண்டைத் தண்ணீராய்ச் செலவழித்துக் காயவைத்துத் தரும் ஒரு லாண்டரியில் அவருக்கு வேலை. அவர் பிறந்த தென்காசிக்கு ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குற்றாலத்திலோ, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஊர் உலகமெல்லாம் வந்து நனைந்துவிட்டு, ஈரத்துணியை மஞ்சள் பைக்குள் அமுக்கிக்கொண்டு திரும்பிப் போகிறது. காய்கிற ஊரில் மெஷின். நனைகிற ஊரில் ஒரு கொடிக்கயிறுகூடக் கிடையாது. இந்த அநியாயம் சலீமுக்கு உறைக்க இருபத்திரண்டு வருடம் ஆயிற்று. உறைத்தவுடன் அதற்குத் தொழில் என்று பெயர் வைத்துவிட்டார்.

தாமதத்துக்குக் காரணம் இருந்தது. லாண்டரியில் குளிர்காலத்தில்தான் லீவு கொடுப்பார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டிசம்பரில் வந்து ஜனவரியில் போய்விடுவார். மகள் ஜுஹைனாவின் நிக்காஹ்கூட அவருடைய லீவுக்கு அடங்கி ஒரு டிசம்பரில்தான் நடந்தது. ஆகவே சொந்த ஊரின் சீசனை அவர் பார்த்ததெல்லாம் போனில்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் மனைவி ரஹ்மத்துக்குப் போன் போட்டு, முதல் கேள்வியாக, "குற்றாலத்துல தண்ணி விழுதா?" என்பார். "விழுது" என்பாள் ரஹ்மத். அருவி நன்றாக இருக்கிறதென்றால் வீடும் நன்றாக இருக்கிறது என்று அவர் எடுத்துக்கொள்வார்.

இந்த வருடம் லாண்டரி கைமாறிப் புது முதலாளி வந்தார். வந்தவர் பாதிப் பேரை ஜூன் மாதமே லீவில் அனுப்பினார். ஆகஸ்ட் இருபதுக்குள் திரும்பினால் வேலை உண்டு. திரும்பாவிட்டால் விசா செத்துப்போகும். சலீமுக்கு ஐம்பத்தொரு வயது, இடுப்பில் நிரந்தரமாக ஒரு பிடிப்பு. திரும்பிப் போக அவருக்கு மனமில்லை. ஆனால் போகவில்லை என்று வெறுங்கையோடு சொல்ல ஓர் ஆண்பிள்ளைக்கு வாய் வருமா? போகாமலிருக்க ஒரு தொழில் வேண்டும். வந்த நாலாம் நாள் சாப்பிடும்போது, "இங்கனயே ஏதாச்சும் பாத்துட்டா என்ன?" என்றார்.

"பாருங்க" என்றாள் ரஹ்மத். அவள் எதற்கும் அதிகம் பேசுகிறவள் அல்ல.

தெருக்காரர்கள்தான் பேசினார்கள். வளைகுடாவிலிருந்து வந்தவனிடம் கேட்பதற்கென்று ஊரில் இரண்டு கேள்விகள் உண்டு. எப்ப வந்தீய, எப்ப பயணம். வழக்கமாக இவை இந்த வரிசையில்தான் வரும். இந்தத் தடவை என்னவோ முதல் கேள்வியைக் கேட்க யாருக்கும் நேரமில்லை. பக்கத்து வீட்டு அஃப்ஷான், இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தாய், அவர் பெட்டியை இறக்கும்போதே, "மாமா, எப்ப பயணம்?" என்றாள். பத்து நாள் கழித்து மறுபடி கேட்டாள். எதிர்வீட்டுப் பெண் மாடியிலிருந்து கேட்டாள். தம்மைப் பிரிய வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம் இவர்களுக்கு இப்போதே வந்துவிட்டது என்று சலீம் நெகிழ்ந்துபோனார்.

திட்டம் இதுதான்: மெயினருவிக்குப் பக்கத்தில் ஒரு கடை, நாலு மெஷின். ஈரத்தோடு வருகிறவன் பத்து நிமிடத்தில் சூடான துணியோடு போவான். வங்கிக்குப் போனார். யோசனையைக் கேட்ட மேனேஜர் நல்ல யோசனை என்றார். நல்ல யோசனைக்கெல்லாம் கடன் கொடுக்க முடியாது, திட்ட அறிக்கை வேண்டும் என்றும் சொன்னார். அது கிடைக்கும் இடத்தையும் சொன்னார். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை, அதன் மாடியில் ஜெயசித்ரா.

ஜெயசித்ராவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு தனியார் வங்கியில் ஏழு வருடம் கடன் பிரிவில் இருந்துவிட்டு வேலையை விட்டவள். "ஏழு வருஷமா முடியாதுன்னு எழுதுனேன் பாய். இப்ப முடியாதுன்னு எழுத முடியாத மாதிரி எழுதித் தாரேன். ரெண்டுக்கும் ஒரே படிப்புதான்" என்றாள்.

சலீம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். அதில் கடையின் பெயர்ப்பலகை வரையப்பட்டிருந்தது. நாலு வண்ணத்தில் நன்றாகவே வரைந்திருந்தார்.

"போர்டு அழகா இருக்கு. கடைக்கு எத்தனை பேர் வருவாங்க?"

"குற்றாலத்துக்கு லட்சக்கணக்குல வாராங்கம்மா."

"அது குற்றாலத்துக்கு. உங்க கடைக்கு?"

சலீம் அதிர்ந்துபோனார். குற்றாலத்துக்கு வருகிறவர்கள் தம் கடைக்கு வராமல் போகலாம் என்பது அதுவரை அவருக்குத் தோன்றியதே இல்லை.

"போலீஸ்காரங்க குளிக்கத் தடை போடுற நாளு எத்தனை? அன்னைக்கு மெஷினுக்கு என்ன வேலை? ஒம்பது மாசம் தண்ணி இல்லாதப்ப கடை வாடகைக்கு என்ன வழி?" என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். ஒவ்வொரு கேள்விக்கும் சலீமின் முதுகு நாற்காலியில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. பல் பிடுங்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவரைப் போல இருந்தார்.

"எழுதிக்கொடுக்கத்தானம்மா உங்கிட்ட வந்தேன். நீ என்னையப் பரீட்சை வைக்கியே?"

"பேங்க்ல இதைத்தான் கேப்பாங்க. அங்க போயி முழிக்கிறதுக்கு இங்கன முழிச்சிட்டுப் போங்க. ஒரு வேலை செய்யுங்க. அருவிகிட்ட மூணு நாள் நில்லுங்க. நூறு பேருகிட்ட, துணியைக் காயவச்சுத் தந்தா காசு குடுப்பீயளான்னு கேளுங்க. என்ன சொல்லுதாங்கன்னு அப்படியே எழுதிட்டு வாங்க. நல்லா இருக்கணும்னு மாத்தி எழுதாதீங்க."

முகம்மது சலீம் மூன்று நாள் நின்றார். ஐம்பத்தொரு வயதில், குடை பிடித்துக்கொண்டு, தலையில் எண்ணெய் வழிய அரை நிர்வாணமாக வரும் அந்நியர்களை மறித்துத் துணியைக் கேட்கும் வேலை அவ்வளவு கௌரவமானதல்ல. முதல் நாள் ஒரு மசாஜ்காரர் தமக்குப் போட்டியாக ஆள் வந்திருக்கிறது என்று சண்டைக்கு வந்தார். இரண்டாம் நாள் வெள்ளம் வந்து, விசில் ஊதி, எல்லாரையும் விரட்டிவிட்டார்கள். நனைந்தவன் ஒருவன்கூட இல்லாத குற்றாலத்தில், சலீம் மட்டும் முழுக்க நனைந்து நின்றார்.

மூன்றாம் நாள்தான் உண்மை முழுதாக வெளியே வந்தது. மதுரையிலிருந்து வேனில் வந்த குடும்பம் ஒன்றை மறித்தார். குடும்பத் தலைவர் தொப்பையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

"காயவச்சு?"

"காஞ்ச துணியைப் போட்டுக்கிடலாம்லா."

"போட்டுக்கிட்டு? அடுத்து ஐந்தருவி, அதுக்கப்புறம் பழைய குற்றாலம். மூணு அருவியும் ஒரே துணிதாங்க."

"சரி, மூணும் முடிச்ச பிறகு?"

அவர் கையை நீட்டிக் காட்டினார். வேனின் சன்னல்கள் எல்லாவற்றிலும் லுங்கியும் துண்டும் சேலையும் முடியப்பட்டுக் காற்றில் படபடத்தன. பக்கத்து வேனிலும் அப்படியே. அதற்குப் பின்னால் நின்ற வேன் ஊர்கோலத்துக்குப் புறப்பட்ட தேர்போல இருந்தது.

"ராஜபாளையம் தாண்டுறதுக்குள்ள காஞ்சுரும். காயாட்டியும் நல்லதுதான். துணி பறந்தாத்தானே குற்றாலம் போயிட்டு வாரோம்னு பாக்குறவனுக்குத் தெரியும்? நீங்க சுடச்சுடக் காயவச்சு மடிச்சுக் குடுத்தா, போனோம்ங்கிறதுக்கு என்ன சாட்சி?"

நூற்றுப் பன்னிரண்டு பேரைக் கேட்டதில் மூன்று பேர் சம்மதித்திருந்தார்கள். ஒருவர் இலவசம் என்று நினைத்தவர். ஒருவர் துணி வேண்டாம், தண்ணீரில் விழுந்த போனைக் காயவைக்க முடியுமா என்று கேட்டவர். மூன்றாமவர் சலீமின் பழைய வகுப்புத் தோழர். அவர் எதற்கும் மாட்டேன் என்று சொல்லிப் பழகாதவர்.

இந்த அறிக்கையை ஜெயசித்ராவின் மேசையில் வைத்தபோது சலீமின் முகம் கொடியில் மறந்துபோன துணிபோல இருந்தது. ஆகஸ்ட் இருபதுக்கு இன்னும் முப்பத்தொரு நாள்.

"ரொம்ப நல்லா செஞ்சிருக்கீய" என்றாள் அவள்.

"ஒண்ணுமே தேறலையேம்மா."

"நாலு மெஷின் வாங்கிப் போட்டுட்டு இதைக் கண்டுபிடிச்சிருந்தா? மூணு நாள் நனைஞ்சதோட போச்சு." அவள் பெயர்ப்பலகை வரைந்த தாளை மெதுவாகத் திருப்பிப் போட்டாள். "பாய், குற்றாலத்துக்கு வாரவன் நனையத்தான் காசு குடுத்து வாரான். அவனைப் போயி காயவைக்கப் பாத்திருக்கோம். நனையக் கூடாதுன்னு தவிக்கிறவன் யாரு? துணி காயலன்னா அன்னைக்குப் பொழப்பு ஓடாதுன்னு இருக்கிறவன் யாரு?"

சலீம் யோசித்தார். திருப்பிப் போட்ட தாளை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தார்.

"இந்தப் பேண்டைப் பாருங்க" என்று அவள் நாற்காலியின் முதுகில் கிடந்த ஒரு சின்னக் காக்கி அரைக்கால் சட்டையைக் காட்டினாள். "எம்மவன் யூனிஃபார்ம். ரெண்டு செட்டுதான். ரெண்டும் மூணு நாளா ஈரம். ஒண்ணை இஸ்திரி போட்டே காயவச்சு மாட்டிவிட்டேன், இதை ஃபேனுக்கு அடியில போட்டு வச்சிருக்கேன். ஜூன் மாசம் பிறந்தா இந்த ஊருல எல்லா வீட்டுலயும் இதுதான் கூத்து. உங்க வீட்டுல எப்படி?"

"எங்க வீட்டுல காயுதே" என்றார் சலீம்.

காய்கிறது என்றுதான் அவர் நினைத்திருந்தார். இந்த ஒரு மாதமாக லுங்கி சற்றுச் சில்லென்று இருந்ததை ஊரின் குளுமை என்று ரசித்துக்கொண்டிருந்தார்.

ஜெயசித்ரா அவரை ஒரு கணம் பார்த்தாள். "பாய், தப்பா எடுத்துக்காதீய. நீங்க இந்த ஊருக்காரர் இல்ல. நீங்களும் டூரிஸ்ட்டுதான். போயி உங்க தெருவுல பத்து வீட்டுல கேளுங்க."

சொந்தத் தெருவில் போய் அந்நியனைப் போல விசாரிப்பதா என்று மனம் குறுகுறுத்தாலும், அருவிக்கரையில் மூன்று நாள் நின்றவருக்குக் கூச்சம் ஏற்கெனவே கரைந்திருந்தது. அஃப்ஷான் வீட்டிலிருந்து தொடங்கினார். அவள் வாசல் கம்பியில் ஒரு வெள்ளைச் சட்டையை உதறி உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, மழைக்காலத்துல துணியைக் காயவச்சுக் குடுக்க ஒரு ஆள் இருந்தா, காசு குடுப்பியா?"

அஃப்ஷான் கையிலிருந்த சட்டையோடு திரும்பினாள். அவள் முகத்தில் முதலில் சந்தேகம், பிறகு கோபம்.

"மாமா, கேலி பண்ணுதீயளா?"

"கேலி என்னம்மா கேலி, தொழில் விஷயமாத்தான் கேக்கேன்."

"நீங்க வராம இருந்திருந்தா நான் ஏன் இப்படிச் சட்டையை உதறிக்கிட்டு நிக்கப்போறேன்? ஒம்பது வருஷமா மாமிதான காயவச்சுத் தந்தாங்க. இந்த வருஷம் கேட்டா, ‘அவிய இருக்காவ, இந்தத் தடவை மெஷின் போடல’ன்னுட்டாங்க. தெருவே உங்களைத்தான் பாத்துக்கிட்டு இருக்கு, எப்ப பயணம், எப்ப பயணம்னு."

சலீம் அங்கேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அருவித் தண்ணீர் பாறையோடு வந்து தலையில் விழுந்தால்கூட மனிதர் இப்படி நின்றிருக்கமாட்டார்.

அந்த மெஷின் எது என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. பத்து வருடத்துக்கு முன் லாண்டரியில் கழித்துப்போட்ட ஒன்றை, ராத்தூக்கம் விட்டுப் பழுதுபார்த்து, கப்பல் கார்கோவில் ஏற்றி அனுப்பியிருந்தார். அடுத்த டிசம்பரில் வந்தபோது அது பின்னறையில் பழைய போர்வையால் மூடப்பட்டு, மேலே ஊறுகாய் ஜாடிகளைத் தாங்கிக்கொண்டு நின்றது. அதற்கடுத்த லீவிலும் அதே போர்வை, அதே ஜாடிகள். ஆசையாய் அனுப்பிய பொருளை அவள் தொடக்கூட இல்லை என்று மனதுக்குள் வைத்திருந்த வருத்தத்தை அவர் பத்து வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. அதுவும் ஒரு பெருந்தன்மை என்று நினைத்திருந்தார்.

வீட்டுக்குள் போய் நேரே பின்னறையில் ஜாடிகளை இறக்கிவைத்தார். போர்வையை எடுத்தார். தொழிலாளியின் கை தானாக மெஷினின் வாயைத் திறந்து, துணியிலிருந்து உதிரும் பஞ்சைப் பிடிக்கும் சல்லடையை உருவியது. சல்லடை சுத்தமாக இருந்தது. கிழிந்த இடத்தில் கொசுவலைத் துண்டு வைத்து நெருக்கமாகத் தையல் போடப்பட்டிருந்தது. பின்பக்கம் குனிந்து பார்த்தார். பெல்ட் அவர் போட்டது அல்ல, புதிது. டிரம்மைத் தாங்கும் சக்கரம் தேய்ந்த தேய்மானம், ஆயிரக்கணக்கான தடவை சுற்றியிருந்தால்தான் வரும். இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு ஒழுங்காக வைத்திருந்த மெஷினை அவர் தம்மாமில் பார்த்ததில்லை.

நிமிர்ந்தால் கதவருகில் ரஹ்மத் நின்றாள்.

"பெல்ட்டு யாரு மாத்துனா?"

"நாந்தான். மதுரையிலேருந்து வரவழைச்சேன்."

"ஏட்டி, ஒம்பது வருஷம். ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லலியே?"

"நீங்க எங்க கேட்டீய? போனை எடுத்தா, தண்ணி விழுதான்னு கேப்பீய. விழுதும்பேன். பொய்யா சொன்னேன்?"

சலீம் சல்லடையை மறுபடி மெஷினுக்குள் செருகினார்.

"அதுவுமில்லாம, நான் தையல் மெஷின் போடட்டுமான்னு கேட்டப்ப என்ன சொன்னீய? ஊரார் துணியை நான் ஒருத்தன் தொட்டது போதும், நம்ம வீட்டுக்குள்ள வரப்படாதுன்னு சொன்னீயளா இல்லியா? அதான் நீங்க இருக்கும்போது வர விடல."

சொன்னது வாஸ்தவம். அதைச் சொன்னபோது தம்மை எவ்வளவு உயர்ந்த மனிதராக உணர்ந்தார் என்பதும் அவருக்கு ஞாபகம் இருந்தது. திடீரென்று இன்னொன்றும் ஞாபகம் வந்தது.

"ஜூலை மாசமெல்லாம் கரண்டு பில்லு ஏறுதேன்னு கேட்டதுக்கு, ஏசி ஓடுதுன்னியே."

"சொன்னேன். நீங்களும் நம்புனீய."

சாரல் அடிக்கும் ஜூலையில் தென்காசியில் ஏசி ஓடுகிறது என்று நம்புவதற்கு, ஒரு மனிதன் பாலைவனத்தில் இருபது வருடமாவது இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் ஜெராக்ஸ் கடை மாடியில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். ஜெயசித்ரா பழைய கேள்விகளையே கேட்டாள். இந்த முறை பதில் வந்தது. எந்தக் கேள்வி சலீமை நாற்காலியில் நிமிர வைத்ததோ, அதற்கெல்லாம் ரஹ்மத் பர்தாவை ஒதுக்கிவிட்டுக்கொண்டே, அரிசி புடைக்கும் சாவதானத்தில் பதில் சொன்னாள்.

"எத்தனை வீடு?"

"முப்பத்தேழு. பிள்ளைங்க யூனிஃபார்ம்தான் கூட. சாயங்காலம் வாங்கிக் காலையில குடுக்கணும். பாதிப் பேரு காசு தருவாங்க, மீதிப் பேரு முட்டை, தேங்காய், கறிக்கொழம்பு."

"குளிக்கத் தடை போட்டா?"

"அன்னைக்குத்தான் ஜாஸ்தி. அங்கன வெள்ளம்னா இங்கன மழைல்லா."

"சீசன் முடிஞ்சா?"

"ஐப்பசி மழை இருக்கு. பெறவு குற்றாலத்துல ஒரு லாட்ஜு. மேனேஜர் மாடக்கண்ணு அண்ணாச்சி தலையணை உறையும் பெட்ஷீட்டும் ஆட்டோவுல அனுப்புவாரு. அவரு வருஷம் பூரா கேக்காரு. எங்கிட்ட மெஷின் ஒண்ணுதான, முடியாதுன்னுட்டேன். இன்னும் நாலு லாட்ஜுல சொல்லிவச்சிருக்காரு."

ஜெயசித்ரா பேனாவைக் கீழே வைத்தாள். "பாய், இந்தத் திட்டத்தை நான் எழுத வேண்டாம். இவங்க ஒம்பது வருஷமா எழுதிட்டாங்க. நான் டைப் அடிச்சாப் போதும்."

ஒரு வாரத்தில் அறிக்கை தயாரானது. கனமான அட்டை போட்டிருந்தாள். கடை தென்காசியில், வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி; வீட்டு மின் இணைப்பு செல்லாது, வணிக இணைப்பு வாங்க வேண்டும்; நாலு மெஷின் இல்லை, இரண்டு. சலீம் பக்கம் பக்கமாகப் படித்தார். உரிமையாளர் என்ற இடத்தில் ரஹ்மத் பெயர். அதை அவர் எதிர்பார்த்திருந்தார். பெண்கள் பேரில் போட்டால் மானியம் கூடுதல் என்று ஜெயசித்ரா முன்பே சொல்லியிருந்தாள். முன் அனுபவம்: ஒன்பது சீசன். அதுவும் நியாயம். ஐந்தாம் பக்கத்தில் தொழிலாளர் என்ற தலைப்பின் கீழே, "திறன் பெற்றவர் — ஒருவர்" என்றிருந்தது. எதிரே ஒரு சம்பளம்.

"இந்த ஒருத்தர் யாரும்மா?"

"நீங்கதான் பாய்."

சலீமுக்கு அந்த மாதத்தில் எத்தனையாவது அதிர்ச்சி என்ற எண்ணிக்கை விட்டுப்போயிருந்தது. ஆனாலும் இது தனியாக வலித்தது. ஒரு முதலாளியிடமிருந்து தப்பித்து வந்து, தொழிலாளியாகவே இன்னொருவரிடம் சேருவதற்கா மூன்று நாள் மழையில் நின்றார்? அவர் ரஹ்மத்தைப் பார்த்தார். அவள் அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆளு நிலையா இருப்பாரான்னு பேங்க்ல கேப்பாங்களாம்" என்றாள், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு, இருபத்திரண்டு வருடத்தில் ஊரே கேட்டும் அவள் மட்டும் ஒருமுறைகூடக் கேட்டிராத கேள்வியைக் கேட்டாள். "உங்களுக்கு எப்ப பயணம்?"

மாடிக்குக் கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"இல்ல" என்றார் சலீம். "பயணம் இல்ல."

ரஹ்மத் ஒரு தடவை மூக்கை உறிஞ்சிவிட்டு, ஜெயசித்ராவிடம், "அப்ப அந்த இடத்துல அவிய பேரையே போட்டுருங்க" என்றாள்.

படியிறங்கும்போது சலீம் மெதுவாகக் கேட்டார். "லீவெல்லாம் உண்டா?"

"டிசம்பர்ல எடுத்துக்கிடுங்க" என்றார் முதலாளி. "சீசன்ல கிடையாது."

வங்கியில் அறிக்கையை வாங்கிக்கொண்டார்கள்; பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்கள். பழைய மெஷின் பார்த்துச் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. அன்று மாலையே ஓடத் தொடங்கிவிட்டது. தெருவில் யாரும் பயணத்தைப் பற்றி அப்புறம் விசாரிக்கவில்லை. வாசலில் ஈரத்துணி வாளிதான் வந்து நின்றது.

ஆகஸ்ட் இருபதாம் தேதி முகம்மது சலீம் பின்னறையில் மல்லாந்து படுத்து, மெஷினின் அடியில் தலையை விட்டு, தேய்ந்த சக்கரத்தை மாற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பதினாறு யூனிஃபார்ம் காத்திருந்தது. போன் அடித்தது. தம்மாமிலிருந்து அப்துல் மஜீது, இருபது வருடம் ஒரே அறையில் படுத்தவர்.

"ஏய் சலீம், சீசனெல்லாம் எப்படி? குற்றாலத்துல தண்ணி விழுதா?"

"தெரியலையேப்பா" என்றார் சலீம், வாயில் ஸ்க்ரூவோடு. "போய்ப் பாக்க எங்க நேரம்?"